சிறு எஞ்சின்களில் ஒழுகும் கார்புரேட்டர்: கண்டறிவது முதல் மீண்டும் ஓட்டுவது வரை

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஓராண்டாக மூலையில் கிடந்த ஜெனரேட்டரை வெளியே இழுத்து, பெட்ரோல் ஊற்றி, பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் டேப்பைத் திறந்ததும் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்த பிறகுதான், பினாங்கின் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்கள் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். மற்ற மாதங்களில் செபராங் பிறைப் பக்கம் புல் வெட்டும் வேலை செய்பவர்களும், வீட்டுக்குள் ஏறிய மழைநீரை இறைக்கப் பம்ப் வைத்திருப்பவர்களும் இதே குறையோடு வருகிறார்கள்.

அவர்களில் பலர் அதற்குள், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை ஒருமுறை கழற்றி மாட்டியிருப்பார்கள். ஆனாலும் ஒழுகல் நின்றிருக்காது. கைவேலையில் குறை இருப்பதில்லை, வேலையின் வரிசையில்தான் இருக்கிறது. எங்கே ஒழுகுகிறது என்று பாராமல் திறந்திருப்பார்கள்; அல்லது டேங்கை அப்படியே விட்டுக் கார்புரேட்டரை மட்டும் கழுவியிருப்பார்கள்; அல்லது ஆயிலைப் பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்திருப்பார்கள்.

கீழே உள்ள முறை, அடியில் கிண்ணமும் அதற்குள் மிதவையும் உள்ள கார்புரேட்டருக்கு உரியது. ஹோண்டா ஜிஎக்ஸ்160 போன்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களிலும், அவற்றை ஒத்து வரும் பல எஞ்சின்களிலும், பெரும்பாலான சிறு ஜெனரேட்டர்களிலும் நீர்ப் பம்ப்களிலும் இந்த வகையே இருக்கிறது. செயின்சா போன்ற கையடக்க இயந்திரங்களில் உள்ள சவ்வு வகையைப் பற்றிப் 11-ஆம் பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். டேங்க் மேலே இருக்கிறது, கார்புரேட்டர் கீழே இருக்கிறது. பெட்ரோல் தன் எடையாலேயே கிண்ணத்துக்குள் இறங்குகிறது. கிண்ணம் நிரம்பும்போது மிதவை உயர்ந்து, தன் நாக்கினால் ஒரு சிறு ஊசியை மேலே தள்ளி, பெட்ரோல் வரும் துளையை அடைக்கிறது. அந்த அடைப்பு முழுமையாக இல்லாவிட்டால் டேங்கில் இருப்பது முழுவதும் இறங்கும்; 3 லிட்டர் இருந்தால் 3 லிட்டரும் வெளியேயோ எஞ்சினுக்குள்ளேயோ போய்ச் சேரும்.

1. இடமும் கருவிகளும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து சென்று பள்ளத்தில் தங்கும். ஆகவே அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலும், மூன்று பக்கம் அடைத்த அஞ்சடியிலும் (கடைவீட்டின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) இந்த வேலையைச் செய்யக் கூடாது. சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், சிகரெட் ஆகியவை மட்டுமல்ல, தானாக இயங்கி நிற்கும் குளிர்பதனப் பெட்டியும் தீப்பொறிக்கு மூலம்தான். திறந்த வெளியில், நிழலில், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு தொடங்குங்கள். உலர் பொடித் தீயணைப்பான் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை: 10 மி.மீ. ஸ்பேனரும் சாக்கெட்டும், பிளக் ஸ்பேனர், மூக்கு நீண்ட குறடு, நல்ல திருப்புளி, பெட்ரோல் பிடிக்கத் தகர டப்பா, வெள்ளைத் துணி, காது துடைக்கும் பஞ்சுக் குச்சி, ஒரு முழ நீளத்துக்குத் தெளிவான பெட்ரோல் ஹோஸ். திருப்புளியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கார்புரேட்டர்களின் கூட்டல்குறி ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தொழில் தரத்தில் வெட்டப்பட்டவை. சாதாரணத் திருப்புளி அவற்றில் முழுமையாக உட்காராமல் நழுவித் தலையைச் சிதைத்துவிடும். தலை சிதைந்த ஒரு ஸ்க்ரூவை எடுக்கும் நேரத்தில் மீதி வேலை முழுவதையும் முடித்துவிடலாம்.

உதிரிபாகங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி, கிண்ணத்தின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கிண்ணத்துப் போல்ட்டின் வாஷர், இரண்டு பக்கக் கேஸ்கெட்டுகள் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடுகள்) ஆகியவை ஒரே கிட்டாகக் கிடைக்கும். எஞ்சினின் உடலில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜெனரேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணப் பெயரைச் சொன்னால் கடைக்காரரால் சரியான கிட்டைத் தர முடியாது. ஒரே பெயரில் விற்கும் ஜெனரேட்டர்களில் வேறு வேறு எஞ்சின்கள் இருக்கின்றன.

2. எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டறிதல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம்; ஆனால் இதில் செலவிடும் கால் மணி நேரம்தான் எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும். பெட்ரோல் எங்கே கசிந்தாலும் வழிந்து வந்து கிண்ணத்தின் அடியில்தான் சொட்டும். அடியில் சொட்டுவதால் கிண்ணம்தான் பழுது என்று முடிவு செய்வது முதல் தவறு.

டேப்பை மூடி, கார்புரேட்டரின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். பிறகு கிண்ணத்தின் விளிம்பு, அடியில் உள்ள போல்ட், வடிகால் ஸ்க்ரூ, ஹோஸ் இணையும் இடம், டேப் ஆகியவற்றின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய் தெரியும்படி வைத்து டேப்பைத் திறந்து 10 நிமிடம் காத்திருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் கசிவு தொடங்குகிறது.

கிண்ணத்தின் விளிம்பில் நனைந்தால் ஓ-ரிங் கெட்டிருக்கிறது. போல்ட்டின் அடியில் நனைந்தால் வாஷர். கிண்ணத்தின் தகட்டிலேயே ஊசிமுனை அளவுக்கு ஈரம் தோன்றினால், உள்ளே தங்கிய தண்ணீர் தகட்டைத் துரு ஏற்றி ஓட்டை போட்டிருக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில், மாதக்கணக்கில் சும்மா கிடந்த இயந்திரங்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஜிஎக்ஸ்160 வகையில் டேப் கார்புரேட்டரோடு சேர்ந்தே இருக்கும். அதன் நெம்புகோலுக்குப் பின்னால் உள்ள ரப்பர் தட்டு இறுகிப்போனாலும், டேப்புக்கு அடியில் உள்ள சிறு கசடுக் கோப்பையின் ஓ-ரிங் கெட்டாலும் அங்கே கசியும். இவற்றுக்கெல்லாம் கார்புரேட்டரை எஞ்சினிலிருந்து கழற்றத் தேவையே இல்லை.

வாயின் வழியாகவோ, மேலே உள்ள காற்றுத் துளை வழியாகவோ பெட்ரோல் வந்தால் மட்டுமே ஊசி, அது உட்கார்ந்து அடைக்கும் சீட், மிதவை ஆகிய மூன்றில் ஒன்று பழுது. அப்போது கிண்ணத்தின் பக்கவாட்டில் திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒழுகல் நின்றால் ஊசியில் தூசு சிக்கியிருக்கிறது அல்லது ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது குறையைக் காட்டித் தரும் சோதனை மட்டுமே. தட்டி நிறுத்திவிட்டு அப்படியே ஓட்டினால், அடுத்த குலுக்கலில் அதே தூசு மீண்டும் வந்து உட்காரும்.

பழுதில்லாமலும் ஒழுகும் ஒரு நிலை உண்டு. தள்ளும் புல்வெட்டியின் கத்தியைத் துடைக்க அதைக் கார்புரேட்டர் கீழே வரும்படி சாய்த்தால், நல்ல கார்புரேட்டரும் ஒழுகும், ஏனென்றால் சாய்ந்த நிலையில் மிதவையால் ஊசியை அடைக்க முடியாது. ஏர் ஃபில்டர் மேல்நோக்கி இருக்கும்படிதான் சாய்க்க வேண்டும்.

3. கயிற்றை இழுக்கும் முன் ஆயிலைப் பாருங்கள்

ஊசி அடைக்காத எஞ்சினில் பெட்ரோல் இரண்டு வழிகளில் போகும். ஒரு பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் வெளியே வரும். அது கண்ணுக்குத் தெரியும். இன்னொரு பகுதி உள்வால்வு திறந்திருந்தால் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலோடு கலக்கும்; அது கண்ணுக்குத் தெரியாது. கெடுதல் செய்வது இந்த இரண்டாவது பகுதிதான்.

ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, ஆயில் தண்ணீர் போல நீர்த்திருந்தாலோ, பெட்ரோல் வாடை வந்தாலோ அந்த ஆயிலில் எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. நீர்த்த ஆயில் பேரிங் பரப்புகளைக் காக்காது; அதிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியும் ஆபத்தானது. கார்புரேட்டர் வேலை முழுவதும் முடிந்த பிறகு புதிய ஆயில் ஊற்றலாம். இப்போதைக்குப் பழையதை வடித்துவிட்டு, "ஆயில் இல்லை" என்று அட்டையில் எழுதிக் கயிற்றின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், வேலையை ஒருவர் தொடங்க, மறுநாள் வேறொருவர் வந்து கயிற்றை இழுப்பது பந்தல் வேலைகளில் வழக்கமாக நடக்கிறது.

சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கும்போது கயிற்றை வேகமாக இழுத்தால், திரவம் சுருங்காது என்பதால் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையவும் கூடும். எனவே பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரைப் பிளக் துளையிலிருந்து தள்ளி எஞ்சின் உடலோடு இணைத்து வைத்து, சுவிட்சையும் அணைத்து, துளையின்மேல் துணியை வைத்துக்கொண்டு கயிற்றை மெதுவாக நான்கைந்து முறை இழுத்துப் பெட்ரோலை வெளியேற்றுங்கள். ஒயரை இணைக்காமல் இழுத்தால், வெளியே தெறிக்கும் பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே தீப்பொறி பாயும்.

4. டேங்க்கிலிருந்து தொடங்குங்கள்

ஊசியைக் கெடுக்கும் தூசு கார்புரேட்டருக்குள் பிறப்பதில்லை. மேலே இருந்து இறங்கி வருகிறது. டேங்கைத் தொடாமல் கார்புரேட்டரைப் பளபளப்பாக்கி மாட்டினால், ஒரே வாரத்தில் ஒழுகல் திரும்பும். திரும்பி வந்த இயந்திரங்களைத் திறந்து பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டேங்கில் உள்ளதைத் தெளிவான கண்ணாடிச் சீசாவில் கொஞ்சம் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாக நிற்பது தண்ணீர். செம்பழுப்புத் துகள்கள் டேங்கின் துரு. நிறம் கறுத்து, வார்னிஷ் வாடை வந்தால் பெட்ரோல் பழசாகிவிட்டது. இவற்றில் எது இருந்தாலும் முழு டேங்கையும் வடித்து, புதிய பெட்ரோல் சிறிது ஊற்றிக் குலுக்கி, துகள் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும்.

பிறகு டேங்கின் அடியிலோ டேப்பிலோ உள்ள வலை வடிகட்டியைக் கழுவுங்கள். ஹோஸை விரலால் வளைத்துப் பார்த்து, வெடிப்போ கல் போன்ற இறுக்கமோ இருந்தால் மாற்றிவிடுங்கள்; உள்ளே உரியும் ரப்பர் துணுக்கும் ஊசியில் போய்ச் சிக்கும்.

5. கார்புரேட்டரைக் கழற்றுதல்

கழற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரிலிருந்து, கார்புரேட்டரின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கு வரும் கம்பியும் அதோடு ஓடும் மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த ஸ்பிரிங்கைத் தவறான துளையில் மாட்டினால் எஞ்சினின் வேகம் மாறும். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரணச் சிறு ஜெனரேட்டர் அதைத் தர நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட வேண்டும். வேகம் தறிகெட்டு ஏறினால் மின்னழுத்தமும் ஏறிப் பந்தலின் விளக்குகளும் ஒலிபெருக்கியும் கெடும்.

டேப்பை மூடி, வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்தில் உள்ளதை டப்பாவில் பிடித்துக்கொண்டு, ஹோஸைக் கழற்றுங்கள். இரண்டு 10 மி.மீ. நட்டுகளை எடுத்ததும் கார்புரேட்டர் நீண்ட போல்ட்டுகளின் மேல் முன்னால் நகரும். அதை நேராக இழுக்காமல் சற்றே திருப்பிக் கம்பியை விடுவியுங்கள். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிவிட்டால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கேஸ்கெட், கறுப்பு நிற வெப்பத்தடைத் துண்டு, மறுபடியும் ஒரு கேஸ்கெட் என்று வரும். அவை வந்த வரிசையிலும் வந்த முகத்திலும் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். இந்தக் கேஸ்கெட்டுகளில் உள்ள சிறு துளைகளும் வெட்டுகளும் அழகுக்கு வைத்தவை அல்ல. சில மாடல்களில் கிண்ணத்தின் காற்று வழி அவற்றின் ஊடாகவே போகிறது.

6. கிண்ணம், மிதவை, ஊசி

கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றும்போது, கிண்ணத்தைக் கவிழ்க்காமல் அப்படியே கீழே இறக்கி உள்ளே பாருங்கள். பச்சை நிறப் பசை பழைய பெட்ரோல் காய்ந்தது. வெள்ளைப் பொடி தண்ணீர் தங்கி உலோகத்தை அரித்தது. மணல் போன்றது டேங்கிலிருந்து வந்தது. எதை இன்னும் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை இந்தக் கசடு சொல்லிவிடும். பார்க்காமல் கழுவிவிட்டால் அந்தத் தகவல் போய்விடும்.

மிதவையின் கீலில் உள்ள மெல்லிய முளையை ஒரு பக்கமிருந்து சிறு ஆணியால் தள்ளி, மறுபக்கம் குறடால் இழுங்கள். அது வராவிட்டால் சுத்தியலால் தட்டாமல், துருநீக்கித் திரவம் விட்டுக் காத்திருந்து, மறுபக்கமிருந்து முயலுங்கள். முளையைத் தாங்கும் இரண்டு சிறு தூண்களும் வார்ப்பு உலோகம், உடைந்தால் ஒட்ட வழியில்லை.

மிதவையைத் தூக்கும்போது ஊசியும் அதோடு வரும். சிலவற்றில் ஊசி மெல்லிய கம்பிக் கொக்கியால் நாக்கில் தொங்கும், சிலவற்றில் நாக்கின் பிளவில் செருகியிருக்கும். எப்படி வந்தது என்று படம் எடுங்கள். ஊசியைத் தனியாகத் துளைக்குள் போட்டுவிட்டு அதன்மேல் மிதவையை மாட்டுவது புதியவர்கள் செய்யும் தவறுகளில் ஒன்று. அப்படிச் செய்தால் மிதவை இறங்கும்போது ஊசி அதோடு இறங்காமல் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

ஊசியின் கூம்பு முனையை வெளிச்சத்தில் பார்த்து, நகத்தால் மெல்ல வருடுங்கள். சுற்றிலும் வளையம் போலப் பள்ளம் தட்டுப்பட்டால் ஊசி தேய்ந்துவிட்டது. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலப்பு கேட்டால் அதற்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறது. கனத்த மிதவை உயராது, ஊசியும் அடைக்காது. பித்தளை மிதவையாக இருந்தால் வெந்நீரில் அமிழ்த்துங்கள், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கச் சிலர் முயல்கிறார்கள். அந்த ஈயத்தின் எடையே மிதவையின் மட்டத்தை மாற்றிவிடும் என்பதாலும், பெட்ரோல் ஆவி அடங்கிய பாத்திரத்தைச் சூடாக்குவது ஆபத்து என்பதாலும் நான் அதைச் செய்வதில்லை.

7. சுத்தம் செய்தல்

கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை எடுக்கும் முன் எல்லா ரப்பரையும் ஊசியையும் மிதவையையும் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அந்தத் திரவம் ரப்பரை உப்ப வைக்கும். தின்னர் அதைவிட மோசமானது. பிளாஸ்டிக் மிதவையை உருக்கிவிடக் கூடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளையிலிருந்து முகத்தில் பீய்ச்சும்.

கவனம் முழுவதும் ஊசி உட்காரும் சீட்டின்மேல் இருக்கட்டும். அது பல கார்புரேட்டர்களில் உடலோடு அழுத்திப் பொருத்திய பித்தளை வளையம். தனியாக மாற்ற முடியாது. பஞ்சுக் குச்சியின் நுனியில் பித்தளை மெருகுப் பசையை மிகச் சிறிதளவு தொட்டு, அந்த வளையத்தில் வைத்து விரலால் இருபது முப்பது முறை சுழற்றுங்கள். பிறகு பசையின் சுவடே இல்லாமல் கழுவி, ஹோஸ் வரும் பக்கமிருந்து காற்றடித்து ஊதுங்கள். அழுக்கு வந்த திசைக்கு எதிர்த்திசையில் ஊதுவது பொதுவாகச் சரி. ஆனால் இங்கே சீட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பசை மீண்டும் உள்ளே போகாமல் வெளியேறுவதற்காகவே இப்படிச் செய்கிறோம். உப்புத்தாளோ கத்தி முனையோ சீட்டில் பட்டால் அந்தக் கார்புரேட்டரின் கதை முடிந்தது.

பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளின் நுண்ணிய துளைகளில் இரும்புக் கம்பி விடாதீர்கள். மின்ஒயரைப் பிரித்தெடுத்த ஒற்றைச் செம்பு இழை போதும். பித்தளையைவிட அது மென்மையானது, கீறாது.

கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவையும், சுமையில்லாதபோது ஓடும் வேகத்தை அமைக்கும் ஐடில் ஸ்க்ரூவையும் இந்த வேலையில் தொட வேண்டியதில்லை. ஒழுகலை நிறுத்த அவற்றை இறுக்கிப் பார்த்தோம் என்று பலர் சொல்கிறார்கள். ஒழுகலுக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இறுக்கியதால் எஞ்சின் ஓடாமல் போன இன்னொரு குறையும் சேர்ந்துகொள்கிறது.

8. மிதவையின் உயரம்

புதிய ஊசியைப் போட்ட பிறகும் ஒழுகினால் மிதவையின் உயரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மிதவை கீலில் தொங்கும்படி கார்புரேட்டரைச் செங்குத்தாகப் பிடித்து, நாக்கு ஊசியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில், உடலின் விளிம்பிலிருந்து மிதவையின் மேல்முனை வரை அளக்க வேண்டும். ஊசிக்குள் அல்லது அதைச் சுற்றி ஒரு நுண்ணிய ஸ்பிரிங் இருக்கும். அது அழுந்திவிட்டால் அளவு தவறாகும். கவிழ்த்து வைத்து அளப்பவர்கள் இந்தப் பிழையைத்தான் செய்கிறார்கள்.

ஜிஎக்ஸ்160-க்கு இந்த அளவு 13.7 மி.மீ. மற்ற எஞ்சின்களுக்கு அவற்றின் கையேட்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் நாக்கு உள்ள மிதவையை வளைக்க முடியாது, அளவு மாறினால் புதியது போட வேண்டும். உலோக நாக்கை வளைக்கலாம், ஆனால் மிதவையை எடுத்துவிட்டு வளையுங்கள். ஊசியின் மேல் வைத்து அழுத்தினால் புது ஊசியின் முனையில் பள்ளம் விழும்.

9. மாட்டும் முன் மேசைச் சோதனை

இந்தச் சோதனையைச் செய்யாமல் எஞ்சினில் மாட்டுவதால்தான் பலர் ஒரே வேலையை மூன்று முறை செய்கிறார்கள். கிண்ணத்தை மாட்டாமல், மிதவையும் ஊசியும் இருக்கும்படி கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவையின் எடையே ஊசியை அடைத்திருக்கும். பெட்ரோல் நுழையும் குழாயில் சுத்தமான ஹோஸைச் செருகி வாயால் மெல்ல ஊதுங்கள், உறிஞ்சவே கூடாது. காற்று சிறிதும் போகக் கூடாது. கார்புரேட்டரை நிமிர்த்தினால் காற்று தாராளமாகப் போக வேண்டும்.

அடுத்து, கிண்ணத்தை மாட்டி, கார்புரேட்டரை எஞ்சினில் இருக்கும் அதே மட்டத்தில் நிறுத்தி, டேங்க் இருக்கும் உயரத்துக்கு ஒரு சிறு பாட்டிலைத் தூக்கிக் கட்டி அதிலிருந்து பெட்ரோல் விடுங்கள். அடியில் வெள்ளைத் தாள் விரித்து 30 நிமிடம் காத்திருங்கள். காற்று அடைபட்டும் பெட்ரோல் கசிவது உண்டு, ஏனென்றால் இப்போதுதான் மிதவை உண்மையில் மிதந்து ஊசியைத் தள்ளுகிறது. தாள் உலர்ந்திருந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போகலாம்.

10. பொருத்துதலும் முதல் ஓட்டமும்

பழைய ஓ-ரிங் பெட்ரோலில் ஊறி உப்பியிருந்தால் பள்ளத்தில் உட்காராது. ஒரு நாள் காற்றில் விட்டால் ஓரளவு சுருங்கும் என்றாலும், கிட்டில் புதியது இருக்கும்போது அதையே போடுங்கள். சிலிக்கோன் பசை தடவி அடைப்பதை அறவே தவிருங்கள். பெட்ரோல் அதை உப்ப வைத்து இளக்கிவிடும், உரிந்த துணுக்கு ஜெட்டுக்குள் போகும்.

கிண்ணத்துப் போல்ட்டை வாஷரோடு சேர்த்துப் போட்டு, கையால் முடிந்தவரை திருகி, பிறகு ஸ்பேனரால் சிறிதளவு மட்டும் இறுக்குங்கள். கசிகிறதே என்று பலமாக இறுக்கினால் கிண்ணம் நெளியும் அல்லது மென்மையான உடலின் மரை கழன்றுவிடும். கேஸ்கெட்டுகளைக் கோத்து வைத்த வரிசையிலேயே போட்டு, ஸ்பிரிங்கைப் படத்தில் உள்ள துளையில் மாட்டி, இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். த்ராட்டிலைக் கையால் அசைத்து, தடையில்லாமல் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஆயில். ஜிஎக்ஸ்160 சுமார் 0.6 லிட்டர் கொள்ளும். எஞ்சினைச் சமதரையில் வைத்து அளவு பாருங்கள். டேப்பைத் திறந்து, ஓட்டாமலே இன்னொரு 10 நிமிடம் கார்புரேட்டரைக் கவனியுங்கள். ஈரம் இல்லையென்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்த பஞ்சு ஃபில்டரைச் சோப்பு நீரில் கழுவி முழுவதும் உலர்த்த வேண்டும், தாள் ஃபில்டரை மாற்றிவிட வேண்டும்.

பிளக்கைத் துடைத்து மாட்டிக் கிளப்புங்கள். முதலில் சிறிது புகை வருவது சிலிண்டரில் மிஞ்சியதால். இரண்டு மூன்று நிமிடத்தில் நிற்க வேண்டும். கரும்புகை தொடர்ந்தால் கிண்ணத்தின் மட்டம் இன்னும் உயரமாக இருக்கிறது. 20 நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து ஆயில் குச்சியை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். அளவு ஏறாமலும் பெட்ரோல் வாடை இல்லாமலும் இருந்தால்தான் ஊசி முழுமையாக அடைக்கிறது என்று பொருள்.

11. சவ்வு வகைக் கார்புரேட்டர்

செயின்சாவிலும் கையில் பிடிக்கும் பல புல்வெட்டிகளிலும் கிண்ணம் இல்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் மிதவைக்குப் பதில் ஒரு சவ்வு ஊசியை இயக்குகிறது. முதுகில் சுமக்கும் புல்வெட்டிகளில் இரண்டு வகையும் உண்டு, திறக்கும் முன் பாருங்கள்.

இவற்றில் முதலில் பார்க்க வேண்டியவை டேங்குக்குள் போகும் மெல்லிய குழாய்களும், விரலால் அமுக்கும் ரப்பர்க் குமிழும். நான் பார்த்த அளவில் பாதிக்கு மேற்பட்ட கசிவு அங்கேதான். கார்புரேட்டருக்குள் கசிந்தால் ஊசியில் தூசு இருக்கும், அல்லது சவ்வு இறுகியிருக்கும். ஒவ்வொரு மூடியின் அடியிலும் சவ்வும் கேஸ்கெட்டும் எது மேலே எது கீழே என்று வருவது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்தைத் திறங்கள். சவ்வு உள்ளே இருக்கும்போது காற்றடித்தால் அது கிழியும்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் தனி ஆயில் தொட்டி இல்லாததால் 3-ஆம் பகுதியின் ஆயில் சோதனை பொருந்தாது. பிளக்கைக் கழற்றி, கவிழ்த்துக் கயிற்றை இழுத்துப் பெட்ரோலை வெளியேற்றுவது இங்கும் அவசியம்.

12. எப்போது புதியது வாங்க வேண்டும்

சீட்டில் அரிப்புப் பள்ளம் இருந்தாலும், கிண்ணத்துப் போல்ட்டின் மரை போயிருந்தாலும், கீல் தூண் உடைந்திருந்தாலும், த்ராட்டில் தண்டு ஆடினாலும் பழையதோடு போராட வேண்டாம். பரவலாக ஓடும் எஞ்சின்களுக்கு முழுக் கார்புரேட்டரே கிடைக்கிறது. வாங்கிய புதியதையும் 9-ஆம் பகுதியின் சோதனைக்கு உட்படுத்திவிட்டே மாட்டுங்கள். விலை மலிந்தவற்றில் ஊசி சரியாக உட்காராதவை எனக்குக் கிடைத்திருக்கின்றன.

13. வேலை முடிந்த பிறகு

வடித்த ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பழைய எஞ்சின் ஆயில் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. மூடியுள்ள கலனில், என்ன இருக்கிறது என்று எழுதி, பழைய ஆயிலைச் சேர்த்து ஒப்படைக்கும் பட்டறை ஒன்றில் கேட்டுக் கொடுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள், அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

இயந்திரத்தை லாரியில் ஏற்றும்போது டேப் மூடியிருக்க வேண்டும். சாலைக் குலுக்கலில் மிதவை துள்ளித் துள்ளி, நல்ல ஊசியும் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும்; பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆயிலில் பெட்ரோல் கலந்துவிட அது போதும்.

தைப்பூசம் முடிந்து எடுத்து வைக்கும்போது டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். அப்போதும் கிண்ணத்தின் அடியில் சிறிது மிஞ்சும், வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து அதையும் இறக்கிவிட்டு மூடுங்கள். டேங்கையும் காலி செய்து, கடைசியாக ஆயில் மாற்றிய தேதியைத் துண்டு அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்.